பாலிஷ் போட்ட சிடி

அன்பு மகளுக்கு, அதாவது எங்கள் வீட்டுத் தாமத வண்டிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், உன் பழைய கம்ப்யூட்டர் மட்டும் நலமாக இல்லை. அங்கே நீ நலமா என்று எழுத்தில் கேட்பதுதான் முறை என்பதால் கேட்டுவைக்கிறேன். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நான் ஃபோனை எடுத்தால் உன் அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்கிறாள், அப்புறம் நான் எதைச் சொல்ல முடியும். அதனால் கண்ணாடிக் கடையிலேயே, மத்தியானம் ஆள் வராத நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தை நிறுத்திவிட்டு அந்த மேசையிலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஊருக்கே கண்ணாடி போடுகிறவருக்கு முதலில் ஒரு கண்ணாடி போடுங்கள் என்று ஆரம்பித்துவிடாதே, மேசை ஆடுகிறது.

போன தடவை நீ பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அம்மா எங்கே என்று கேட்டாய், குளிக்கிறாள் என்றேன். அதற்கு முந்தின தடவையும் குளித்தாள், அதற்கு முன்னால் கடைக்குப் போயிருந்தாள், அம்மா என்ன நாள் முழுக்கவா குளிக்கிறாங்க என்று கேட்டுவிட்டு நீ சிரிப்பாய் என்று பார்த்தால் அழுதுவிட்டாய். மறைத்து என்ன ஆகப்போகிறது, குளிக்கிறாள் என்று நான் சொன்னபோது அவள் என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள், நீ அழுவதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தொண்டை ஆபரேஷன் எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, இனிமேல் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று டாக்டரே துரத்திவிட்டார், நீ அதை நினைத்துப் பயப்படாதே. குரல்தான் மாறிப்போயிற்று. கதவில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி கரகரவென்று வருகிறது. என்னைத் திட்டுவதற்கு அது தாராளமாகப் போதுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஃபோனை நீட்டினால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பஸ் நிலையத்தில் அத்தனை வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து, இவள் சொன்னால்தான் ஊரே வண்டி ஏறும் என்று பேர் வாங்கியவள் இல்லையா. இந்தக் குரலைக் கேட்டா பிள்ளை பயந்துடும், பழைய குரலே அவ மனசுல இருக்கட்டும் என்கிறாள். நான் என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை. கடைசியில் நீதான் வழி சொன்னாய், பழைய குரலையாவது அனுப்புங்கப்பா, அந்த சிடி பீரோவுல இருக்குமே என்று.

இருந்தது. பஸ் நிலையத்தில் அறிவிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்தபோது உன் அம்மாவுக்கென்று ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார்களே, அதேதான். நீ கேட்டது அறிவிப்பை இல்லை என்று எனக்குத் தெரியும். அறிவிப்பெல்லாம் முடிந்த பிறகும் பதிவு செய்ய வந்த ஆள் மெஷினை நிறுத்த மறந்துவிட்டான். பள்ளிக்கூடம் லீவு என்று உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள், நீ மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாய், உன் அம்மா அறிவிப்புக் குரலிலேயே, பயணிகளின் கவனத்திற்கு, மேசைக்கடியில் நிற்கும் தாமத வண்டி இன்னும் புறப்படவில்லை என்கிறாள், நீ கெக்கெக்கே என்று சிரிக்கிறாய். உனக்கு வேண்டியது அந்தச் சிரிப்புக்கு முன்னால் வரும் குரல். எனக்கும்தான் வேண்டும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அம்மாவுக்குத் தெரியாமல் அதை எடுத்து உன் கம்ப்யூட்டரில் போட்டேன். முக்கி முக்கிப் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் பூனை பிறாண்டிய மாதிரி ஒரே கீறல், நடு ஓட்டையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் வேறு. நீ இங்கே இருந்திருந்தால் ஸ்க்ரூ மாமாவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பாய். நான் யார், வாழ்நாள் பூராவும் கீறல் எடுத்தே சோறு தின்கிறவன். பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழுந்தால் நான் எடுக்கிறேன், இதுவும் பிளாஸ்டிக்தானே. கடைக்குக் கொண்டுவந்து, துணிச் சக்கரத்தில் பாலிஷ் மருந்து தடவி, மேலே ஈரம் தொட்டுத் தொட்டு, சூடேறாமல் தேய்த்தேன். விரிசலில் ஃப்ரேம் ஒட்டும் பசையை ஊசி முனையால் விட்டு, காய்ந்ததும் வழித்துவிட்டேன். பளபளவென்று இருந்தது, அதில் பார்த்தே தலை சீவலாம். முதலாளி எட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிய கண்ணு யாருக்குய்யா என்று கேட்டார். என் பெருமை உனக்குத்தான் தெரியுமே, தரையில் கால் பாவவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா மாடியில் துணி எடுக்கப் போன நேரம் பார்த்து உன் அறைக்குள் நுழைந்து சிடியைப் போட்டேன். தட்டு உள்ளே போயிற்று. முதலில் லேசாக முனகியது, சரி, படிக்கிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் சத்தம் ஏற ஆரம்பித்தது, மிக்ஸியில் காலி ஜாடியை ஓடவிட்ட மாதிரி ஏறிக்கொண்டே போகிறது, மேசை அதிர்கிறது, உன் பேனா ஸ்டாண்ட் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வருகிறது. அதைப் பிடிக்கக் கையை நீட்டினேன், படார் என்று உள்ளே வெடித்தது. நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். கையில் காலில் ஒன்றும் படவில்லை, நீ ஓடிவர வேண்டாம். அப்புறம் ஒரே அமைதி, உள்ளே மட்டும் பொலபொலவென்று ஏதோ உதிர்கிற சத்தம். மேலேயிருந்து என்ன உடைஞ்சுது என்று கேட்டாள். கதவு காத்துல அடிச்சுது என்றேன். ஒரு இலைகூட அசையாத நாள் அது.

அம்மா வெளியே போன சமயமாகப் பார்த்து ஸ்க்ரூ மாமாவைக் கூப்பிட்டேன். உன் அம்மாவின் தம்பியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எதைப் பிரித்தாலும் திரும்ப மூடும்போது கையில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் வைக்கிறவன். இந்தத் தடவையும் மிச்சம் வைத்தான், உன் மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். டிரைவைக் கழற்றி ஒரு செய்தித்தாளில் கவிழ்த்தான், வெள்ளி வெள்ளியாகக் கொட்டியது, சில துண்டுகள் நகத்தளவுகூட இல்லை. அவன் பொறுமையாகச் சொன்னான், அத்தான், கீறல் இருந்தா படிக்காது, அவ்வளவுதான், ஆனா விரிசல் இருந்தா உள்ளேயே போடக்கூடாது, அது சுத்துற வேகத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும், உங்க கண்ணாடி மூக்கு மேல சும்மா உட்கார்ந்திருக்கும், இது அப்படியா என்று. நான் விட்ட பசை ஒரு பக்கத்துக் கனத்தைக் கூட்டியிருக்கும், அதனால் ஆட்டம் இன்னும் அதிகமாகியிருக்கும் என்றும் சொன்னான். பாலிஷ் மட்டும் பிரமாதம் அத்தான் என்று ஒரு துண்டை எடுத்து அதில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டான். அவனை அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

பஸ் நிலையத்துக்கும் போனேன். பழைய மெஷினோடு பதிவு எல்லாம் எப்போதோ போய்விட்டதாம். இப்போது ஏதோ கம்ப்யூட்டர் பெண் பேசுகிறாள், வண்டி வந்து நின்று ஆள் இறங்கிய பிறகு வண்டி வரும் என்கிறாள். கொஞ்ச நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவை முதலில் குரலாகத்தான் எனக்குத் தெரியும், அதை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? பெட்டியோடு அந்த நிலையத்தில் நின்றபோது அந்தக் குரலில் மயங்கி என் வண்டியைத் தவறவிட்டவன் நான். என்னால்தான் அது இனி எங்கேயும் இல்லை என்று நினைத்தபோது, உன்னிடம் சொல்வதற்கென்ன, பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன் அம்மாவிடம் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? உன் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது, அதில், சிடி மேல் அவள் எழுதிவைத்திருந்த எழுத்தே பாதி இருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இதுதான் அந்தக் காத்துல அடிச்ச கதவா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், சக்கரம், பசை, நீ அழுதது, பழைய குரலையாவது என்று நீ கேட்டது வரைக்கும். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன், சத்தத்தையே காணோம். நிமிர்ந்து பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று பதறி எழுந்தேன். சிரிக்கிறாள். என் குரலுக்குப் பாலிஷ் போட்டீங்களா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரிக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பும் கரகரவென்றுதான் வந்தது, ஆனால் உன் அம்மா சிரிப்பு அது, வேறு யாருடையதும் இல்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அவளுக்கு அனுப்ப இனிமே வேற குரல் இல்லையே, இருக்கறதைத்தான் கொடுக்கணும் என்றாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடுவதாக இருந்தாள். உனக்கு வேலை நேரம் மாறியிருக்கிறது, அடுத்த ஞாயிறுதான் வீட்டில் இருப்பாய் என்று நானாக ஒரு பொய்யைச் சொல்லித் தள்ளிவைத்திருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. இந்தக் கடிதம் முதலில் உன் கைக்கு வர வேண்டுமே. கிடைத்ததும், வந்தது என்று ஒரே வார்த்தை மாமாவின் ஃபோனுக்கு அனுப்பு, போதும். இப்போதெல்லாம் அவள் குளிக்கப் போனால் வெளியே வருவதற்கு நேரமாகிறது, இந்தத் தடவை நிஜமாகவே குளியலறையில்தான் இருக்கிறாள். உள்ளே குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பழகுகிறாள். கதவில் காதை வைத்து நானும் கேட்டேன், ஒட்டுக்கேட்பது அவளுக்கு மட்டும்தானா உரிமை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள், ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை பழைய மைக் ராகத்தில். தாமதத்திற்கு வருந்துகிறோம், தாமதத்திற்கு வருந்துகிறோம் என்று.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காதே, கீறல் விழும், விழுந்தால் எனக்கு அனுப்பு, அதையாவது ஒழுங்காக எடுத்துத் தருகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்து, எடுத்ததும் ஒரு கரகரத்த குரல் கேட்டால், யார் பேசுவது என்று மட்டும் கேட்டுவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் அம்மாவின் குரலைக் கேட்டு வண்டியை விட்ட,
உன் அப்பா