பனியனில் ஏறிய பகா எண்

இன்று காலை பிரிண்டிங் மை டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. கீமோ நடந்த மாதங்களில் சோற்று வாசனையைக்கூட உன்னால் தாங்க முடியவில்லை. இந்த நெடிக்கு மட்டும் நீ முகம் சுளித்ததில்லை.

நாம் கல்லூரியில் ஒன்றாகக் கணிதம் படித்த தோழிகள். நான் திருநெல்வேலிப் பக்கம், நீ சோமனூர்க்காரி. நான் உன்னை 'ஏட்டி' என்பேன். நீ என்னைப் 'புள்ளை' என்பாய். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இருவருமாக அனுப்பர்பாளையத்தில் பனியன் தைக்கும் இந்தச் சின்ன யூனிட்டைத் தொடங்கினோம். முதல் ஆர்டரே ரத்தானது. தைத்த பனியன்கள் வெற்றாகக் கிடந்தன. உன் அண்ணன் நடிகர் படம் போடச் சொன்னார். நீ ஓர் எண்ணைப் போட்டாய்.

357686312646216567629137.

ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். இடப்பக்கம் ஓர் இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் பகா எண். இன்னொன்றை வெட்டினாலும் அப்படியே, 137, 37, 7 என்று கடைசிவரைக்கும். பூஜ்ஜியம் கலக்காத எண்களில், இந்தக் குணத்தோடு இதைவிடப் பெரியது கிடையாது. வரிக்கு ஓர் இலக்கம் குறைந்து நெஞ்சில் படிக்கட்டாக இறங்கும்படி வரைந்தாய்.

லாட்டரி நம்பரா என்று அண்ணன் சிரித்தார். பொறுமையாக விளக்கினாய். இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்டார்.

"ஒன்னும் ஆகாதுங்ண்ணா. உண்மைங்கறதால போடறேன்."

அடித்துக் காயவைத்தபோது மை பரவி, கடைசிக்கு முந்தைய வரியில் 37 என்பது 87 ஆகத் தெரிந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"எம்பத்தேழு மூனுல வகுபடும் புள்ளை. பொய்யைப் போட்டா விக்கறது?"

அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, புதிதாகத் துணி எடுத்து மறுபடி அடித்தோம். மெதுவாகத்தான் விற்றது. கணக்கு டீச்சர்கள் வாங்கினார்கள். அது என்ன எண்ணென்று தெரியாதவர்களும் வாங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் அதையே போட்டுக்கொண்டு போனாய். மருந்து ஏறும்போது ஒவ்வோர் இலக்கமாக வெட்டிச் சொல்வாய். பக்கத்துக் கட்டில் அம்மா, அது மந்திரமா, சொன்னால் குணமாகுமா என்று கேட்டார்.

"ஆகாதுங்கம்மா. ஆனா இந்த நோவால இதை ஒன்னும் பண்ண முடியாதுங்க."

நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு ஆறுதல் தேட எனக்கு இன்னும் மனமில்லை.

காரியம் முடிந்ததும் உன் அண்ணன் வந்தார். தனியாக எப்படிச் சமாளிப்பீர்கள், மூடிவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். என் ஊர்ப் பேச்சு அன்று வாயில் வரவில்லை, உன் ஊர்ப் பேச்சுதான் வந்தது.

"மூட மாட்டனுங்க," என்றேன்.

இப்படி மரியாதையாகப் பேசிக்கொண்டே ஓர் அடிகூடப் பின்வாங்காமல் நிற்பதை உன்னிடம்தான் கற்றேன், ஏட்டி. அதை விடுவதாக இல்லை.