நீலம் காயும் வரை

மேசையில் உன் முகம் கிடக்கிறது. காலையில் அது முழுக்க நீலம். இரண்டு தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதத் தொடங்கினேன்.

இன்று காலைப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, நீ பார்த்துவந்த வெள்ளைக்காரக் கிழவியை, உன் சீனோராவை, இப்போது பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்னைத் தேடி வந்தாள். கையில் தடித்த பழுப்பு உறை. "அக்கா, குசினியிலை தட்டுக்கள் வைக்கிற லாச்சிக்குள்ளை கிடந்தது. உங்கட பேர் தமிழிலை எழுதியிருக்கு. சீனோராவின்ர மகள் எறியப் பாத்தவ, நான்தான் விடேல்லை" என்றாள். எழுத்தைப் பார்த்ததுமே உன்னுடையது என்று தெரிந்துவிட்டது. நீ போய் நாலு மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்தில் என் பெயர். ஒரு நன்றிகூடச் சொல்லாமல் உறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் பிரித்தேன். தடித்த தாளில் பென்சிலால் வரைந்த உன் முகம். அதன் மேல் தண்ணீராய்ப் பூசிய நீலம். கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் கழுத்திலும் அடர்த்தியாக, நெற்றியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி. வேறு நிறம் ஒரு சொட்டும் இல்லை. என் முதல் எண்ணத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் அன்று வாயால் சொன்னதை இவள் கையால் செய்து அனுப்பியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். 

நீ முதன்முதலில் வரைந்தது என்னை. வுச்சீரியாச் சந்தைக்குப் பின் தெருவில் சீனோராவின் மூன்றாம் மாடிக் குசினி, செத்துப்போன அவள் கணவனின் வண்ணப் பெட்டி, கைபேசியில் யாரோ வெள்ளைக்காரி சொல்லித்தரும் பாடம். முடிந்ததும் தாளைத் தூக்கிக் காட்டினாய். செங்கட்டி நிறத்தில் ஒரு முகம். "கூரை ஓட்டுக்கு மூக்கு வைச்சிருக்கிறாய்" என்றேன். ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பிறகு நீயே கண்டுபிடித்தாய். கைபேசிக்காரி வெள்ளைத் தோலுக்கு அடியில் பச்சை பூசச் சொன்னாள். அதை நம்முடைய நிறத்துக்கு அடியில் பூசினால் சேறாகிவிட்டது. மாதக்கணக்கில் தாளைக் கீலம் கீலமாக வெட்டிப் பூசிப் பார்த்தாய். பிரசங்க நேரத்தில் சாமியாரைப் பார்க்காமல் முன்வாங்கில் இருந்தவர்களின் முழங்கையையும் பிடரியையும் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் நீலத்தில் கொஞ்சம் ஊதா கலந்து பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் மண்ணிறத்தைத் தண்ணியாய் ஓடவிட்டாய். அன்று என் முகம் எனக்கே தெரிந்தது. "எங்கட நிறத்துக்குக் கீழை நிழல் குளிராத்தான் இருக்குதடி. அதை முதல் போடாட்டி, மேலை எவ்வளவு மண்ணிறம் பூசினாலும் ஆள் வராது" என்றாய்.

எனக்கு அதில் கஷ்டமானது காத்திருப்பதுதான். இருபது வருடமாகப் பிறர் வீட்டில் ஈரம் துடைக்கிற கை என்னுடையது. சுவரில் பூஞ்சணம் கண்டால் தேய்க்கும், மேசையில் ஒரு துளி கண்டால் கேட்காமலே போய்விடும். உன் தாளுக்கும் போனது. "காயட்டும், கையை வையாதை" என்று அதட்டி, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கச் சொன்னாய். தண்டனை வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளைபோல நான் இருப்பேன். நீ சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போடுவாய்.

இனி அந்த நாள். என் மனிசன் துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். உதடு நீலம், நகம் நீலம். "இன்னும் இரண்டு நாள் போகாமல் ஒன்றும் சொல்ல முடியாது" என்றார் டொக்டர். எனக்கு அந்த நேரம் உன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. நேரே உன் குசினிக்கு ஓடி வந்தேன்.

கதவு திறந்தே இருந்தது. நீ உள்ளே சீனோராவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாய். மேசையில் இவர் முகம். ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் சிப்பி தின்னப் போன அன்று நீ எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. ஆனால் முழுக்க நீலம், இன்னும் ஈரம். சற்று முன் நான் கட்டிலில் பார்த்த அதே நிறம்.

அது எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்காக நீ ஒளித்து வரைந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இவர் வீட்டுக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நீ நித்திரை குறைத்துப் பூசினாய் என்பதும் தெரியாது. அடி நிறம் பற்றி நீ நூறு தரம் சொன்னது மட்டும் தெரியும். அது அப்போது ஞாபகம் வரவில்லை. கோப்பை கழுவும் தொட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, நெற்றியிலிருந்து நாடிவரை அழுத்தித் துடைத்தேன். தாள் மயிராய் எழும்பும்வரை துடைத்தேன். நீ ஓடி வந்தாய்.

"சாகாத மனிசனைச் சாகடிச்சு வைச்சிருக்கிறியே!"

"அடியே, இது அடி நிறம். இதுக்கு மேலதான் அவர் வருவார்."

"அப்ப இதை உன்ர முகத்திலை பூசிப் பாரடி!"

பஞ்சை உன் காலடியில் எறிந்துவிட்டு இறங்கி வந்தேன்.  படியில் இறங்கும்போது, நீ குனிந்து பஞ்சை எடுப்பதைத் திரும்பிப் பார்த்தேன். அதுதான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது.

இவர் பிழைத்துவிட்டார். "அண்ணைக்கு எப்பிடி?" என்று மூன்று தரம் கைபேசியில் எழுதிக் கேட்டாய். மூன்றையும் வாசித்தேன், பதில் போடவில்லை. முதலில் கோபம். கோபம் போன பிறகு வெட்கம். வெட்கம் கோபத்தைவிடப் பிடிவாதமானது. நீ காலைப் பூசைக்கு வந்தால் நான் பின்னேரப் பூசைக்குப் போனேன். இதைவிடக் கேவலமான ஒன்றும் செய்தேன். இவர் வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, "அவ ஏன் ஒருக்காலும் வந்து எட்டிப் பாக்கேல்லை?" என்று கேட்டார். "வேலை கூடவாக்கும்" என்றேன். "எங்கட வீட்டு ஆளெண்டெல்லோ நினைச்சன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என் பிழையை உன் தலையில் வைத்துவிட்டு நான் சமைக்கப் போனேன்.

பதினோராம் மாதம் கோயிலில் உனக்காகச் செபிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் உன் நுரையீரல் வருத்தம் எனக்குத் தெரியவந்தது. ஓடி வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு இருந்தாய். தலைமயிரைக் கட்டையாய் வெட்டியிருந்தாய். என்னைக் கண்டதும் கையைத் தூக்கி நகத்தைக் காட்டினாய்.

"பாத்தியே? எனக்கும் அடி நிறம் வந்திட்டுது."

சிரித்தாய், இருமினாய். என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் அத்தனை படி ஏறி வந்தேன். வாயில் வந்தது, "கதையாதை, சூப் குடிச்சனியே?" நீ தலையாட்டினாய். நாலாம் நாள் நீ இல்லை.

இன்று உறையைக் கவிழ்த்துத் தட்டியபோது, சின்ன வண்ணக் கட்டிகள் இரண்டும் ஒரு தூரிகையும் விழுந்தன. தாளில் உன் தலைமயிர் கட்டையாய் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வருத்தம் தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், நான் உன்னோடு கதைக்காமல் திரிந்த நாட்களில் வரைந்திருக்கிறாய். கீழ் ஓரத்தில் நாலு சின்னச் சதுரங்களில் மண்ணிறத்தை அடர்த்தியிலிருந்து மெல்லிசுவரை பூசி, கடைசிச் சதுரத்தின் கீழே 'இது' என்று எழுதியிருந்தாய். பின்பக்கம் பென்சிலில் இரண்டு வரி: 'கழுவிப்போடாதை. மிச்சம் உன்ர வேலை.'

அழுதேன். சத்தமாகத்தான்.

சத்தம் கேட்டு இவர் அறையிலிருந்து வந்தார். "என்னப்பா இது? இவவின்ர முகமே? ஏன் நீலமாயிருக்கு?"

"அடி நிறம். இதுக்கு மேலதான் அவ வருவா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, நான் சொன்ன சொல், உன் மூன்று கேள்விகள், என் பொய். இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார்.

"அப்ப அவ என்னைக் கேட்டவ."

"ஓம்."

"செத்தவீட்டிலை நான் அவவின்ர முகத்தை வடிவாப் பாக்கேல்லை. கோவத்திலை." கதிரையிலிருந்து கையை எடுத்தார். "உம்மாலை."

பல்கனிக்குப் போய்விட்டார். வெளியே சிரொக்கோ அடித்தது, ஆபிரிக்காவிலிருந்து வரும் அந்தச் சுடு காற்றில் ஜன்னல் பலகைகள் அடித்துக்கொண்டிருந்தன. இவர் நெஞ்சுக்கு இந்தச் சூடு கூடாது என்று எனக்குத் தெரியும். கூப்பிடப் பயந்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பை தண்ணீர். குடிக்க என்று நினைத்தேன். உன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"நீர் பூசும்" என்றார்.

எனக்குப் பூசத் தெரியாதடி. நீ பூசுவதைப் பார்க்க மட்டும்தான் தெரியும். வண்ணத்தைக் கரைத்து, உன் கடைசிச் சதுரத்தோடு ஒப்பிட்டு, இன்னும் தண்ணீர் விட்டு, மறுபடி ஒப்பிட்டேன். ஒரு தரம்தான் போகலாம், திரும்பிப் போனால் அடியில் உள்ள நீலம் கலங்கிவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. நெற்றியில் வைத்துக் கீழே இழுத்தேன். நீலத்தின் மேல் மண்ணிறம் ஓடியது. மூக்குத்தண்டு வந்தது. கன்னம் வந்தது. கண்ணுக்குக் கீழே நீ விட்ட நிழல் அப்படியே நின்றது. செங்கட்டியும் இல்லை, சேறும் இல்லை. நீதான். இவர் "ஐயோ" என்று மெல்லச் சொன்னார்.

அப்போது வலது கன்னத்தில் தண்ணீர் கூடிப்போய் ஒரு துளி திரண்டது. வாயோரத்துக்கு இறங்கப் பார்த்தது. என் தோளில் குசினித் துணி கிடந்தது. கை அதைப் பிடித்தும்விட்டது.

துணியை நிலத்தில் போட்டேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். இவர் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, தானும் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, செத்தவீட்டில் பார்க்காத முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளி கன்னத்தின் பாதியில் நின்றது. இதை எழுதும் நேரத்திலும் அங்கேதான் நிற்கிறது.

அன்று கட்டிலடியில் சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துக்கொள்ளடி. உன் முகம் இன்னும் காயவில்லை. நான் கை வைக்கவில்லை.