குளிர்க்கடல் அடைத்த காது

1994 நவம்பர் 15, செவ்வாய். கோலியர்ஸ் வுட்.

காது டாக்டர் இன்று உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார். குளிர்ந்த நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டதால் இரண்டு காதுகளுக்குள்ளும் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். வலது காது ஏறக்குறைய மூடிவிட்டது. ஒப்பரேஷன் செய்து குடைந்தெடுக்க வேண்டும்.

எட்டுக் குளிர்காலமாக ஞாயிறுகளில் ரயிலேறிக் கடலுக்குப் போய் அலைமேல் பலகையில் சறுக்குகிறேன். பலகை வாடகைக்குத் தரும் கடைக்காரர் முதல் நாளே காதடைப்பானும் ரப்பர்த் தொப்பியும் போடச் சொன்னார். நான் போடவில்லை. வாரம் முழுவதும் யாரோடும் பேசாத எனக்கு அந்த அலைச் சத்தம் வேண்டியிருந்தது.

ஒப்பரேஷன் முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று நர்ஸ் பெயர் கேட்டார். ஒரு பெயரும் வரவில்லை. கடைசியில் கீழ் அறையில் இருக்கும் சிவம் அண்ணையின் பெயரைக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் அவரோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

மாலையில் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம், வாறன். அதுக்கென்ன," என்றார். பிறகு தேநீர் ஊற்றித் தந்தபடி கேட்டார். "அப்ப உமக்குக் கேக்கேல்லையோ? சாப்பிட வரச்சொல்லி எத்தினை தரம் கதவு தட்டினனான். ஆக்களோட பழக விருப்பமில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்."

அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு மேலே வந்தேன். அவர் தட்டிய நாட்களில் நான் உள்ளேதான் இருந்திருப்பேன். இதே கட்டிலில், என்னைத் தேடி ஒருவரும் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டு.