நாலாவது ஆள் சொன்னது

அண்ணே,

இன்று காலை வேலைக்குப் போகும் ரயில் நோபல் பார்க் ஸ்டேஷனைத் தாண்டியதும், பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் அவன் படத்தைப் பார்த்தேன். அந்த ஜப்பானிய ஜெனரல் செத்துவிட்டான். தொண்ணூறு வயதாம். தூக்கத்திலேயாம். கொடுத்துவைத்தவன்.

இரண்டு பத்தி முழுக்க அவன் உத்தியோகப் பெருமைதான். மஞ்சூரியாவில் கர்னல், மலாயாவில் ஜெனரல், பிறகு சயாம் ரயில் பாதை, போர் முடிந்து சில வருடம் சிறை, அப்புறம் வீட்டில் ரோஜாத் தோட்டம். பாதை போட்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஒரு வரி உண்டு. ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே வேலைக்கு லாரியில் அள்ளிப்போன நம் ஆட்களுக்கு அரை வரிகூட இல்லை.

அவன் முகாமைப் பார்வையிட வந்த நாளில் நம்மை ஜப்பானிய மொழியில் எண்ணச் சொன்னார்கள். இச்சி, நி, சான், ஷி. நாலாவது இடம் உங்கள் தம்பியுடையது. காய்ச்சலோடு மண் சுமந்து செத்தவனை முந்தின நாள்தான் புதைத்திருந்தோம். அந்த இடத்தில் உங்களை நிறுத்தினார்கள். ஜெனரல் எதிரே வந்ததும், நீங்கள் அவன் கண்ணைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து சொன்னீர்கள்: "சீ!"

தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் அது எண் இல்லை, வசவு என்று புரிந்தது. அவனோ எண்ணிக்கை சரி என்று தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான்.

வெள்ளையர் அல்லாதவருக்கும் இந்த நாட்டின் கதவு திறந்ததும் மெல்பர்ன் வந்தோம். கார் தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் உங்களுக்கு அதே பேச்சு.

"நாலுன்னு நெனச்சிட்டுப் போயிட்டான்டா. நான் காறித் துப்புனது அவனுக்குத் தெரியணும்லா? ஒனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, ஒரு கடுதாசி போடேன். சாட்சிக்கு ஒம் பேரையும் எழுது."

"எழுதலாம்ணே, அட்ரஸ் கெடைக்கட்டும்" என்றேன். எங்கெங்கோ விசாரித்து முகவரியையும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அடுத்த வாரம் என்றேன். போன வருடம் உங்கள் நெஞ்சு நின்றபோது அந்தத் துண்டுச்சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

என் பெயரை எழுதப் பயந்தேன், அண்ணே. முப்பது வருடம் கழித்து, இத்தனை கடல் தாண்டி வந்தும், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு கிழவனுக்குப் பயந்தேன். வெட்கக்கேடு.

அன்றும் அப்படித்தான். உங்களுக்கு முந்தின இடத்தில் நின்றவன் நான். உங்கள் தம்பியைப் புதைத்த மண் நகக்கண்ணில் இருக்க, தலை நிமிராமல், பிசகில்லாமல் "சான்" என்று எண்ணினேன். நீங்கள் "சீ" என்றது அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.