ஐந்தருவி லேகியம்

ஜூலை 19, சனி

ஜெயித்துவிட்டேன்! இருநூறு மீட்டர் நீச்சலில் மாநிலத்திலேயே முதல் ஆள். பதக்கம் போட்டதும் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு வந்திருந்த அதிகாரி அக்கா கழிவறை வரை கூடவே வந்து சிறுநீர் வாங்கிக்கொண்டார். வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகம். ஜெயித்தவளைத்தானே சோதிப்பார்கள்? "மாத்திரை, பவுடர் ஏதாவது சாப்பிட்டாயா?" என்றார். "வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

ஊருக்கு, மேலகரம் வந்ததும் அம்மா சித்தியிடம் போனில் கத்தினாள்: "எம் மவளுக்கு டெஸ்ட்டெல்லாம் எடுத்திருக்காவ! தோத்தவளுக்கா எடுப்பாவ?" எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு என் காதோடு சொன்னாள்: "ஏட்டி, ஐந்தருவி சீசன் கடையில லேகியம் வாங்கி, இத்தன நாளும் ஒனக்குத் தெரியாம தெனமும் கஞ்சில கலக்கித் தந்தேன். ஒங்க கோச்சுகிட்ட சொல்லிராத."

லேபிள் இல்லாத எதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று கோச் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். லேபிள் பார்க்க டப்பாவைக் கேட்டேன். "காலையிலயே மிச்சத்தையும் ஒங் கஞ்சில வழிச்சுப் போட்டுட்டேம்லா" என்றாள், தானே நீந்தி ஜெயித்தவள்போல.

விடிந்ததும் கோச்சிடம் சொல்லியாக வேண்டும். அதுவரை இந்தத் தங்கம் என்னுடையது. கழுத்தில் போட்டுக்கொண்டே படுக்கிறேன்.