அம்மை முதல்லயா, படம் முதல்லயா?

ஜாக்குலின் அப்பாவுக்கு,

“படம் போட்டு போட்டுத்தான் கணக்குல ஃபெயிலானா”ன்னு காலையில கத்திட்டு கம்பெனி பஸ் ஏறிட்ட. நான் சொல்ல வந்தத கேக்கல. அதான் எழுதுறேன்.

கதைய நீ தலைகீழா சொல்ற. முதல்ல நம்ம பொண்ணுக்கு அம்மை போட்டுச்சு. இருவது நாள் ஸ்கூலுக்குப் போவல, அதான் கால்பரீட்சையில கணக்கு போச்சு. வூட்ல படுத்துகினு கெடந்தப்பதான் பொழுது போவாம வரைய ஆரம்பிச்சா.

நீ பீரோவுல பூட்டுன அவ படம் போடுற நோட்ட நான்தான் எடுத்தேன். மகாபலிபுரத்துல ஓவியப் போட்டி, அவள இட்டுகினு போறேன். நீ இன்னா சொன்னாலும் போவேன். பீரோ சாவி அரிசி டப்பா மேல கீது. நெத்திலிக் குழம்ப சுட வெச்சு துன்னு.

ஒரு படத்த மட்டும் டிவி மேல வெச்சிருக்கேன், பாரு. அதுல, ஷிப்ட் முடிஞ்சு வந்து நாற்காலியிலயே தூங்குற நீ. யூனிபார்ம் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. தெனம் துவைக்கிற நானே பாக்கல, அவ பாத்திருக்கா.

செல்லம்மா

மறந்துட்டேன்: படத்த பாத்துட்டுதான் அந்த பட்டன தெச்சேன். சட்டை கொடியில கீது. அம்மை முதல்லயா, படம் முதல்லயா? இந்தச் சீட்டு பின்னாடியே பதில் எழுதி வை.