பற்றரி மாற்றாமல் விட்ட கிழமை

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சோளகக் காற்று ஓயவில்லை. முற்றமெல்லாம் புழுதி. விடிய எழும்பிக் கார் கழுவியது வீண், பத்து மணிக்குள் பழையபடி செம்மண் நிறம்.

செய்தவை: நான்கு ரயருக்கும் காற்று. வைப்பருக்குத் தண்ணீர். ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினேன், ஒரு கைப்பிடி மண். இருபதாயிரம் கி.மீ. ஓடிய பிறகு மாற்றினால் போதும் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் கிளிநொச்சி உள்வீதிகளைப் பார்த்ததில்லை. இங்கே அதில் பாதி ஓடுமுன்பே மாற்ற வேண்டும்.

புதன்கிழமை அக்கா வருகிறாள், ரொறன்ரோவிலிருந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அம்மா காலையிலிருந்து அலுமாரி அடுக்குகிறார். முழங்கால் நோ எங்கே போனதென்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அம்மா அவரிடம்: "பெரியவள் காசு அனுப்பி வாங்கித் தந்த கார். அஞ்சு வருசமா ஒருநாள் வழியிலை நிண்டதில்லை. அவளின்ரை கைராசி அப்பிடி."

அந்த நேரம் நான் காருக்கு அடியில் கிடந்தேன், ஒயில் ஒழுகுகிறதா என்று பார்க்க. கைராசியாம்.

ஓகஸ்ட் 6, புதன்

ஒயிலும் ஒயில் பில்டரும் மாற்றியாயிற்று. ஐயாயிரம் கி.மீ. இன்னும் ஓடவில்லை, ஆனால் ஆறு மாதம் முடிந்துவிட்டது. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பிறேக் பாட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பிறேக் ஒயிலுக்குத் தை மாதத்தோடு இரண்டு வருடம், அப்போது மாற்ற வேண்டும்.

கராஜ் குணம் அண்ணை பற்றரியைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தங்கச்சி, இது மூண்டு வருசம் தாண்டின பற்றரி. ஸ்ரார்ட் பண்ணேக்கை இழுத்து இழுத்து எடுக்கிறது கேக்குதோ? இந்தக் கிழமைக்குள்ளை மாத்திப்போடுங்கோ. ஒட்டோமெற்றிக் கார், நிண்டுதெண்டால் தள்ளி ஸ்ரார்ட் எடுக்கேலாது."

ஓம் என்றேன். பற்றரி அவரிடம் கையில் இல்லை, சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டுமாம்.

பின்னேரம் அக்கா வந்து இறங்கினாள். அம்மா வாசலில் நின்று அழுதார். நானும் அழுதேன், அது வேறு. இரவுச் சாப்பாடு: கணவாய்க் கறி, றால் பொரியல், முருங்கைக்காய்க் குழம்பு, பாயசம். எல்லாம் அம்மாவின் கையால். எனக்கு நாள்தோறும் புட்டும் சம்பலும், அதுவும் நானே இடித்த சம்பல். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இத்தனை சட்டி அடுப்பில் ஏறியதில்லை.

எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். மத்தியானம் வரை கரண்ட் இல்லை.

இப்போது அக்காதான் கார் ஓடுகிறாள். அம்மா முன் ஆசனத்தில். நான் பின்னால், மரக்கறிப் பையோடு. சந்தைக்குப் போகிற வழியில் ஒரு குழியில் தொம்மென்று இறக்கினாள். எனக்கு ரயரை நினைத்து நெஞ்சு பதறியது. அம்மா: "என்ன பதமா ஓடுறாள் பாரன்!" நான் ஓடினால் வீட்டிலிருந்து வவுனியா வரைக்கும் "மெல்லப் போ, மெல்லப் போ".

அக்கா கேட்டாள்: "இன்னும் புதுக் கார் மாதிரி இருக்கே. என்னடி செய்யிறனி?"

நான் வாய் திறக்குமுன் அம்மா: "நீ நல்ல காராப் பாத்து வாங்கினனி, அதுதான்."

"அங்கை என்ரை காருக்கு நான் போனற்றே திறந்து பாத்ததில்லை," என்று அக்கா சிரித்தாள்.

பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறு பெயர் வேண்டாம். ஐந்து வருடமாகக் கையில் ஒயில் மணக்க நான் பார்த்த கார். ஒருநாளும் நிற்கவில்லை என்பதற்காகவே ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை.

மத்தியானம் குணம் அண்ணை போன் எடுத்தார், பற்றரி வந்துவிட்டதாம். அடுத்த கிழமை வருகிறேன் என்றேன். காரணத்தை இங்கேயாவது எழுத வேண்டும். ஒரு தடவை நிற்கட்டும். அக்கா தனியாகக் கடைக்குப் போகும்போது, நடுத்தெருவில், பத்துப் பேர் பார்க்க. பற்றரியால் யாருக்கும் ஆபத்தில்லை. பிறேக் என்றால் இப்படி நினைத்திருக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவுக்குக் கண் கிளினிக், வவுனியாவில். மாதாமாதம் கந்தோரில் லீவு போட்டுக் கூட்டிப் போவது நான். அக்கா: "நீ கந்தோருக்குப் போ. நான் கொண்டு போறன்." அம்மா அதற்குள் நல்ல சேலை உடுத்தியாயிற்று. என்னோடு போவதென்றால் வீட்டுச் சேலைதான்.

பற்றரி ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

பி.ப. இரண்டரை, அக்காவின் போன். திரும்பி வரும்போது மாங்குளத்தில் ரீ குடிக்க இறங்கினார்களாம். கார் பிறகு ஸ்ரார்ட் எடுக்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். கண்ணுக்கு மருந்து விட்டிருப்பார்கள். இந்த வெயில். பாவி நான். குணம் அண்ணையைக் கெஞ்சி, புதுப் பற்றரியோடு அவருடைய ஓட்டோவில் பறந்தேன். எல்லா வாகனமும் நின்று போகிற முறிகண்டியில்கூட இறங்கவில்லை, போகிற போக்கில் பிள்ளையாரைக் கும்பிட்டதுதான்.

போய்ப் பார்த்தால், ரீக்கடை மர வாங்கிலில் அம்மாவும் அக்காவும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு இருக்கிறார்கள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறார். என்னைக் கண்டதும்: "ஏன் பிள்ளை இப்பிடி அந்தரப்பட்டு ஓடி வந்தனி? நாங்கள் நல்லாத்தானே இருக்கிறம்."

ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. பற்றரியை மாற்றிப் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் அம்மா நிம்மதியான நித்திரை.

ஓகஸ்ட் 13, புதன்

நேற்று ரீக்கடையில் அம்மா சொன்ன கதையைக் காலையில் குசினியில் வைத்து அக்கா சொன்னாள். அப்பா நெருப்புக் காய்ச்சலில் கிடந்த ஒரு வருடம், அறுவடை நேரம், அம்மாவே உழவு இயந்திரம் ஓடி நெல் மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுபோனாராம். ஆலை வாசலில் திருப்பத் தெரியாமல் யாருடையதோ வேலியையும் சாய்த்தாராம்.

"ரெண்டு மணித்தியாலம் கதைச்சவா. என்ரை வயசுக்கு அம்மாவோடை அப்பிடி இருந்ததில்லையடி. கார் நிண்டது நல்லதாப் போச்சு."

எனக்குத் தேங்காய் துருவக் கை ஓடவில்லை. ஐந்து வருடமாக நான் ஏற்றிக்கொண்டு திரிகிறேன். அம்மாவுக்கு வாகனம் ஓடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நான் நிற்க வைத்த கார். அதிலும் லாபம் அவளுக்குத்தான். வயிறு எரிகிறது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அக்கா போய்விட்டாள். அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை.

கூலன்ற் சரி. பற்றரி முனை சுத்தம். ரயர் இடம் மாற்றிப் பத்தாயிரம் கி.மீ. நெருங்குகிறது, முன் ரயரைப் பின்னுக்கு மாற்ற வேண்டும்.

விமான நிலையத்துக்குப் போகிற வானில் ஏறுமுன் அக்கா கட்டிப்பிடித்தாள். "நீ குடுத்து வைச்சனி. எந்த நேரமும் அம்மாவோடை." எந்த நேரமும்தான். ஒரு நாளுக்கு மூன்று கதை: சாப்பிட்டியோ, கதவைப் பூட்டு, மெல்லப் போ.

செப்ரெம்பர் 9, செவ்வாய்

மப்பு, மழை இல்லை. கிளினிக்கில் சனம் குறைவு, வெள்ளென முடிந்தது. ஓமந்தை தாண்டிய பிறகு அம்மா வாய் திறந்தார்: "மாங்குளத்திலை நிப்பாட்டு. அண்டைக்கு அக்காவும் நானும் இருந்த கடையிலை ரீ குடிப்பம்."

அதே கடை. அதே வாங்கில். ரீ வந்தது. அம்மா தெருவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு பஸ் போனது.

"அம்மா, அக்காவுக்குச் சொன்ன அந்த உழவு மெசின் கதையை எனக்கும் சொல்லுங்கோவன்."

"அதேன் இப்ப? அண்டைக்குக் கார் நிண்டுபோச்சு, பொழுது போகவேணுமெண்டு கதைச்சது. இப்பதான் கார் நல்லாக் கிடக்கே. எழும்பு, போவம்."

ஏறி இருந்தோம். புதுப் பற்றரி, தொட்டாலே எடுக்கும். கார்த் திறப்பைத் துவாரத்தில் போட்டேன். திருப்பாமல் கையை எடுத்தேன்.

"அம்மா, ஸ்ரார்ட் எடுக்குதில்லை."

"மெய்யாவோ?"

"ஓம்."

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தார். கதவைத் திறந்து இறங்கி, திரும்பவும் போய் வாங்கிலில் இருந்தார். கடைக்காரரிடம் இன்னும் இரண்டு ரீ சொன்னார். நான் போனற்றைத் திறந்து விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.